அரிசி விலையாக வந்த போர்: சத்யஜித் ரேயின் வாழ்க்கை

போர்ப் படம் என்றால் பீரங்கி முழங்க வேண்டும், கதாநாயகன் எல்லையில் மார்பில் குண்டு வாங்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். கல்கத்தாவில் பிறந்து கல்கத்தாவிலேயே மறைந்த சத்யஜித் ரே எடுத்த போர்ப் படத்தில் ஒரு சண்டைக் காட்சியும் கிடையாது. வானத்தில் விமானங்கள் பறக்கும், அவ்வளவுதான். போர் அந்தக் கிராமத்துக்குள் அரிசி விலையாக நுழையும். 1973-ல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடிப் பரிசு பெற்ற அந்தப் படம், 'அசனி சங்கேத்'.

1921 மே 2-ந் தேதி கார்ப்பார் வீதி வீட்டில் ரே பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிஷோர், தந்தை சுகுமார் ரே இருவரும் வங்கக் குழந்தைகள் மறக்காத எழுத்தாளர்கள். ரேக்கு இரண்டு வயதாகும்போதே தந்தை இறந்தார். குடும்பத்தின் அச்சகமும் கைவிட்டுப் போயிற்று. தாயார் சுப்ரபா, தம் சகோதரர் வீட்டில் தங்கி, தையல் வேலை கற்பித்து மகனை ஆளாக்கினார்.

பிரசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம் படித்த ரே, பிறகு சாந்திநிகேதனில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டன. அந்த மாதமே படிப்பை முடிக்காமல் ஊர் திரும்பினார். 1943-ல் டி.ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பரக் கம்பெனியில் ஓவியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 80 ரூபாய்.

பஞ்சம் வந்த வழி

அவர் வேலையில் சேர்ந்த ஆண்டுதான் வங்கத்தைப் பஞ்சம் தின்ற ஆண்டு. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து நம் மக்கள் காடும் மலையும் கடந்து நடந்து வந்த கதை பல தமிழ்க் குடும்பங்களில் உண்டு. அதே வீழ்ச்சியால் வங்கத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசியும் நின்றது. ஜப்பானியர் கைக்குப் போய்விடக் கூடாதென்று கடலோர மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான படகுகளைச் சர்க்கார் பறித்துக்கொண்டது. மீனவரும் படகோட்டியும் பிழைப்பு இழந்தார்கள். அக்டோபரில் மிதுனபுரி மாவட்டத்தைப் புயல் அழித்தது. வியாபாரிகள் பதுக்கினார்கள். டிசம்பரில் மணங்கு 14 ரூபாய்க்குள் இருந்த அரிசி, 1943 மே மாதத்தில் 30 ரூபாயைத் தாண்டியது.

கிராமத்து ஏழைகள் ரயிலேறியும் கால்நடையாகவும் கல்கத்தாவுக்கு வந்தார்கள். சோறு கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து, சோறு வடித்த கஞ்சியை வீடு வீடாகக் கேட்டார்கள். நடைபாதையிலேயே விழுந்து இறந்தார்கள். பெரிய கம்பெனிகளின் ஊழியர்களுக்கும் ரயில்வே ஊழியர்களுக்கும் சகாய விலையில் தானியம் கிடைக்க ஏற்பாடு இருந்தது. மாதச் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். நெல் விளைவித்த கூலிக்காரர்கள் செத்தார்கள். மாண்டவர்கள் 15 லட்சம் என்றது சர்க்காரின் விசாரணைக் கமிஷன். 30 லட்சத்தை ஒட்டி இருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர்களின் கணக்கு.

இருபத்திரண்டு வயது ரே பிணங்களைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போய் வந்தார். அந்தக் காட்சிக்கும் மனம் பழகிப்போயிற்று என்றும், அப்போது தாம் எதுவும் செய்யவில்லை என்றும் பிற்காலத்தில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் படம்

1950-ல் கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் 'சைக்கிள் திருடர்கள்' படம் பார்த்தார். போர் முடிந்த ரோமாபுரியில், வேலைக்கு ஆதாரமான சைக்கிளைப் பறிகொடுத்த ஏழையின் கதை அது. தெருவில் எடுத்த படம், நடித்தவர்களும் தொழில் நடிகர்கள் அல்ல. தாமும் அப்படியே படமெடுப்பது என்று முடிவு செய்தார்.

வேலையை விடாமல், ஞாயிறு தோறும் 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கினார். இன்ஷூரன்ஸ் பாலிசியும் மனைவியின் நகையும் அடகுக்குப் போயின. மேற்கு வங்க சர்க்கார் பணம் கொடுத்த பிறகே படம் முடிந்தது. 1955-ல் வெளிவந்து, மறு ஆண்டு கேன்ஸ் விழாவில் பரிசு பெற்றது.

பிறகு சில ஆண்டுகள் ரே குடியிருந்தது, தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட்டை அடுத்த லேக் டெம்பிள் ரோட்டில். அங்கே இருந்தபோது, 1969-ல், பாட்டனாரின் கதையை 'கூபி காயின் பாகா பாயின்' என்று படமாக்கினார். அதில் பசித்த சிப்பாய்கள் போருக்குத் தயாராகிறார்கள். வானத்திலிருந்து பானை பானையாக இனிப்பு இறங்குகிறது. ஆயுதத்தைப் போட்டுவிட்டு அதை நோக்கி ஓடுகிறார்கள். குழந்தைகள் சிரித்த அந்தக் காட்சியில் பெரியவர்கள் 1943-ஐ நினைக்க இடமிருந்தது.

முப்பது ஆண்டு கழித்து

பிற்பாடு வந்ததுதான் விபூதிபூஷண் பந்தோபாத்யாயாவின் நாவலைத் தழுவிய 'அசனி சங்கேத்'. அசனி என்றால் இடி. இலக்கியத் தமிழிலும் அதே பொருள்தான். கங்காசரண் ஒரு கிராமத்தின் ஒரே பிராமணன். பூசை, பள்ளிக்கூடம், வைத்தியம் மூன்றும் அவன் கையில். சௌமித்ர சட்டர்ஜி நடித்தார். மனைவி அனங்காவாக பங்களாதேஷ் நடிகை பபிதா. எங்கோ நடக்கும் போரில் யார் யாருடன் சண்டை என்றுகூட ஊராருக்குச் சரியாகத் தெரியாது. அரிசி விலை மட்டும் ஏறுகிறது. குருக்கள் மனைவி நெல் குத்தக் கூலிக்குப் போகிறாள். அண்டை வீட்டுப் பெண், ஒரு படி அரிசிக்காகத் தன்னையே கொடுக்கிறாள். தாழ்ந்த சாதி என்று ஊர் ஒதுக்கிய மோத்தி மரத்தடியில் பட்டினியால் இறக்கும்போது, அவள் கையைத் தொட்டு நாடி பார்ப்பவன் அதே கங்காசரண்தான்.

பஞ்சத்தைப் பச்சைப் பசேலென்று வண்ணத்தில் காட்டலாமா என்று சிலர் குறை கூறினார்கள். அந்த ஆண்டு பூமி வறண்டு போகவில்லை, இயற்கை செழிப்பாகவே இருந்தது என்பது ரேயின் பதில். வயல் பச்சையாக இருக்கும்போதே மக்கள் சாக முடியும் என்பதுதான் படத்தின் செய்தி. மனிதர் உண்டாக்கிய பஞ்சம் என்ற வாசகத்துடனேயே படம் முடிகிறது.

1976-ல் தமிழக அரசின் உதவியுடன் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி 'பாலா' என்ற குறும்படமும் எடுத்தார். 1983-ல் மாரடைப்பு வந்தது. 1992 மார்ச்சில் ஆஸ்கார் விருதை மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே ஏற்றார். பாரத ரத்னாவும் அதே ஆண்டில் வந்தது. ஏப்ரல் 23-ந் தேதி காலமானார்.

1943-ல் ரே எண்பது ரூபாய்ச் சம்பளக்காரர். நடைபாதையில் விழுந்தவர்களைத் தாண்டிப் போன ஆயிரக்கணக்கான ஆபீஸ்காரர்களில் ஒருவர். அப்போது கொடுக்காத கவனத்தை, முப்பது ஆண்டு கழித்து, கங்காசரணைக் கொண்டு ஒரு ஏழைப் பெண்ணின் கையைத் தொட வைத்துக் கொடுத்தார்.