அடைத்த கதவுக்கு வெளியே: ரூப் பாஸ்டர்

கிரிக்கெட்டிலே ஊறிப்போன நமக்குப் பேஸ்பால் என்பது அமெரிக்கரின் பந்தாட்டம் என்ற அளவிலேதான் தெரியும். அந்த ஆட்டத்துக்குள்ளும் ஒரு தீண்டாமை இருந்தது. 1880களின் பிற்பகுதியில், கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்ப்பதில்லை என்று வெள்ளையரின் சங்கங்கள் தமக்குள் முடிவு செய்துகொண்டன. சட்டப் புத்தகத்தில் இல்லாத அந்தத் தடை அறுபது ஆண்டுகள் நின்றது. அடைத்த கதவைத் தட்டிக்கொண்டு காலங்கழிக்காமல், வெளியே ஒரு வீடு கட்டியவர் ரூப் பாஸ்டர்.

இயற்பெயர் ஆண்ட்ரூ பாஸ்டர். 1879ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கிறித்தவப் போதகர். மகனுக்கோ பந்தில்தான் நாட்டம். பந்தெறியும் கலையில் தேர்ந்து, இருபதைக் கடந்ததும் வடக்கே சென்றார். 1903ஆம் ஆண்டுப் போட்டித் தொடரில் அவர் நான்கு ஆட்டங்களை வென்று கொடுக்க, அவருடைய அணி கறுப்பினத்தாரின் வாகையர் பட்டம் பெற்றது. அடுத்த ஆண்டு அணி மாறினார். வெற்றியும் அவரோடு மாறியது.

ஆனால் திறமை வேறு, பிழைப்பு வேறு. கறுப்பு அணிகளுக்குச் சொந்த மைதானம் இல்லை. முறையான ஆட்ட அட்டவணை இல்லை. களத்தையும் நாளையும் பிடித்துக் கொடுத்த தரகர்கள் வருமானத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டார்கள். ஆடுபவன் ஒருவன், அறுவடை செய்பவன் வேறொருவன்! இந்தக் கணக்கைப் பாஸ்டர் நன்றாகப் படித்தார். 1911இல் வெள்ளைக்காரப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து, சிக்காகோவில் வெள்ளையர் அணி விட்டுப்போன மைதானத்தைப் பிடித்து, 'சிக்காகோ அமெரிக்கன் ஜயண்ட்ஸ்' என்ற அணியை அமைத்தார். ஓங்கி அடிப்பதைவிட விரைந்து ஓடுவதையும், பந்தை மெல்லத் தட்டி எதிரியைத் திணறவைப்பதையும் தம் ஆட்டக்காரர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்.

தம் அணி ஒன்று மட்டும் தழைத்தால் போதுமென்று அவர் எண்ணவில்லை. 1920ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், கான்சஸ் நகரத்தில் அணி உரிமையாளர்களைக் கூட்டினார். 'நீக்ரோ தேசிய லீக்' பிறந்தது. சிக்காகோ, டெட்ராய்ட், இண்டியானாபோலிஸ், செயிண்ட் லூயிஸ், கான்சஸ் நகரம் முதலிய இடங்களைச் சேர்ந்த எட்டு அணிகள் அதில் இணைந்தன. தலைவர் பாஸ்டரே. மே 2ஆம் நாள் இண்டியானாபோலிசில் முதல் ஆட்டம் நடந்தது.

எதிரி வலுவாக இருந்தால்தான் ஆட்டத்துக்குச் சுவை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, ஆஸ்கர் சார்ல்ஸ்டன் என்ற மாபெரும் ஆட்டக்காரரைத் தம் அணியிலிருந்து இண்டியானாபோலிசுக்கு விட்டுக்கொடுத்தார். சம்பளம் கொடுக்க வழியற்ற அணிகளுக்குக் கடன் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். குறையில்லாதவர் என்று சொல்ல முடியாது. நுழைவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஐந்து அவர் கைக்குப் போயிற்று. அட்டவணையும் அவர் கையிலேயே இருந்தது. முதல் மூன்று ஆண்டுகளும் பட்டம் அவர் அணிக்கே கிடைத்தபோது முணுமுணுப்பு எழுந்ததில் வியப்பில்லை.

எல்லாச் சுமையையும் ஒருவரே தாங்கியதால் வந்த விளைவு கொடியது. 1926இல் அவர் மனநோய்க்கு ஆளாகி, கான்கக்கீ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தலைவர் வீழ்ந்தார், லீக் தள்ளாடியது. 1930 டிசம்பர் 9ஆம் நாள் அங்கேயே அவர் மறைந்தார். சிக்காகோவின் குளிரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வழியனுப்பினர். பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, 1931ஆம் ஆண்டோடு லீக்கும் முடிந்தது.

முடிந்தது லீக்தான், அது இட்ட விதை அன்று. அதன் தொடக்க அணிகளுள் ஒன்றான கான்சஸ் நகர மோனார்க்ஸ் நிலைத்து நின்றது. அந்த அணியில் 1945இல் ஆடிய ஜாக்கி ராபின்சன், 1947இல் புரூக்ளின் அணியில் களமிறங்கி நிறத்தடையை உடைத்தார். 1981இல் பாஸ்டரின் பெயர் பேஸ்பால் புகழ் மன்றத்தில் ஏறியது. 2020 டிசம்பரில், அவருடைய லீக்கும் முதல்தர லீக்கே என்று அமெரிக்கப் பேஸ்பால் தலைமை ஒப்புக்கொண்டது. நூறாண்டு கழித்து வந்த நீதி!

நண்பர்களே, ஊரை விட்டு நெடுந்தூரம் வந்து சங்கம் கண்டிருக்கும் நமக்கு இவர் வாழ்க்கையில் இரண்டு பாடங்கள் உண்டு. இடமில்லை என்று பிறர் சொன்னால், இடத்தை நாமே உண்டாக்கலாம் என்பது ஒன்று. உண்டாக்கியதை ஒருவர் தோளில் மட்டும் ஏற்றிவைத்தால், அந்தத் தோள் சாயும்போது அதுவும் சாயும் என்பது மற்றொன்று. முதற் பாடத்தை அவர் வெற்றியால் கற்பித்தார். இரண்டாவதற்கு அவர் கொடுத்த விலை தம் வாழ்வு.