நாகேஷ்: 1964-லேயே அழவைத்தவருக்கு தேசிய விருது வர ஏன் 30 வருஷம்?

சம்பளம் லேட்டானாலும் சரி, அப்ரைசலில் ஏமாந்தாலும் சரி, வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுவது தருமி மீம்தான். 1965-ல் வெளியான 'திருவிளையாடல்' படத்தில், ஆயிரம் பொற்காசு தனக்குக் கிடைக்காதா என்று கோயிலில் தனியாகப் புலம்பும் ஏழைப் புலவர். நாகேஷ் வருவது கொஞ்ச நேரம்தான். சிரித்து முடித்த பிறகு அதே காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அந்த ஆளுக்கு நிஜமாகவே காசு வேண்டும். அந்தப் பதற்றத்தில் ஒரு துளிகூட விளையாட்டு இல்லை.

நாகேஷ் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. முதலில் காமெடியன், வயசான பிறகு குணச்சித்திர நடிகர், கடைசியில் தேசிய விருது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் படங்களை வருஷ வாரியாக அடுக்கிப் பார்த்தால் கதை பொருந்தாது.

1933 செப்டம்பர் 27-ல், தாராபுரம் பகுதியில் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். பெயர் நாகேஸ்வரன். அம்மை வந்து முகமெல்லாம் தழும்பு. சென்னைக்கு வந்து ரயில்வேயில் கிளார்க் வேலை, மாலையில் நாடகம். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராகச் சின்ன வேஷம். தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையில் அவரைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். சினிமாவுக்குள் நுழைந்தது 1950-களின் கடைசியில். வாய்ப்புத் தேடிய நாட்களில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர் கவிஞர் வாலி.

திருப்புமுனை 1964. பிப்ரவரியில் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. சினிமா எடுக்கிறேன் பேர்வழி என்று அப்பா பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லி மிரட்டும் செல்லப்பா. டிசம்பரில் 'சர்வர் சுந்தரம்'. கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கே.பாலசந்தர் எழுதிய நாடகம் அது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் ஏவி.எம். படமாக்கியது. ஓட்டல் சர்வர் ஒருவன் சினிமா நட்சத்திரமாகிறான். ஆனால் அவன் விரும்பிய பெண்ணின் மனசு நண்பனிடம் இருக்கிறது. அம்மாவின் கடைசி நேரத்திலோ அவன் ஷூட்டிங்கில் மாட்டிக்கொள்கிறான். ஆக, தமிழ்நாட்டையே சிரிக்க வைத்ததும் அழவைத்ததும் ஒரே வருஷத்தில்.

அடுத்த வருஷமே பாலசந்தர் இயக்குநராக அறிமுகமான 'நீர்க்குமிழி'. முழுக்க ஆஸ்பத்திரிக்குள் நடக்கும் கதை. வார்டில் எல்லோரையும் கலாய்த்துக்கொண்டு திரியும் சேதுவுக்கு, தான் சாகப்போவது தெரியாது. பார்க்கும் நமக்குத் தெரியும். அதனால் அவன் அடிக்கும் ஒவ்வொரு ஜோக்கும் நம்மைக் குத்தும். 1966-ல் 'மேஜர் சந்திரகாந்த்': தங்கையை ஏமாற்றியவனைக் கொன்றுவிட்டு, செத்தவனின் அப்பா வீட்டிலேயே தெரியாமல் அடைக்கலம் புகும் தையல்காரர். 1968-ல் 'எதிர்நீச்சல்': மாடிப்படிக்குக் கீழே தங்கி, குடித்தனக்காரர்கள் எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்தபடி படிக்கும் அநாதைப் பையன். அதே வருஷம் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் வைத்தி. சிரித்துக்கொண்டே குழி பறிக்கும் ஆள். அவரைக் காமெடி கணக்கில் சேர்ப்பதா, வில்லன் கணக்கில் சேர்ப்பதா?

சரி, விருது? இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'மேஜர் சந்திரகாந்த்' மூன்றும் வந்தபோது நடிகர்களுக்கென்று தேசிய விருதே கிடையாது. படங்களுக்குத்தான் கொடுத்தார்கள். சிறந்த நடிகர் விருது 1967-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதலில் வாங்கியவர் வங்காளத்தின் உத்தம் குமார். துணை நடிகருக்கான விருது வந்தது 1984-ம் ஆண்டுப் படங்களுக்கு. நாகேஷின் உச்சமான வருஷங்களில் பெரும்பகுதி அதற்கு முன்பே போய்விட்டது.

விருது விதியை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அன்றைய தமிழ்ப் படத்தில் ஹீரோவுக்கு ஒரு தடம், காமெடிக்கு ஒரு தடம். நாகேஷ் இருந்தால் படம் விற்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் கால்ஷீட் வேண்டும். ஆனால் வேண்டியது இரண்டாவது தடத்துக்குத்தான். நடுநாயகமாக அவரை நிறுத்தியவர்கள் பாலசந்தரைத் தாண்டி ரொம்பக் கொஞ்சம் பேர்.

1970-களின் நடுவில் வாய்ப்புகள் குறைந்தன. 'அபூர்வ ராகங்கள்' படத்தின் குடிகார டாக்டர் மாதிரி அவ்வப்போது ஒரு மின்னல். திரும்ப அழைத்து வந்தவர் கமல்ஹாசன். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் காமெடியே இல்லாத கொடூர வில்லன். 1994-ல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக வந்தார். வசனம் கிடையாது, இமைகூட அசையக் கூடாது; தியேட்டரே சிரித்தது. அதே வருஷம் 'நம்மவர்' படத்தில் மகளைத் தற்கொலையில் பறிகொடுக்கும் அப்பா. அதற்குத்தான் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது வந்தது. அப்போது அவருக்கு வயது 60-ஐத் தாண்டியிருந்தது.

2008-ல் 'தசாவதாரம்'. 2009 ஜனவரி 31-ல் சென்னையில் காலமானார். பத்ம விருது எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

தருமியை மீம்ஸில் மட்டுமே தெரிந்தவர்கள் 'நீர்க்குமிழி'யில் தொடங்கலாம். கறுப்பு வெள்ளை, ஒரே ஆஸ்பத்திரி, அதனால் முதல் பத்து நிமிஷம் மட்டும் பொறுமை வேண்டும்.