வெள்ளத்துக்கு வழி சொன்ன மேதை விஸ்வேஸ்வரய்யா



ஒவ்வொரு செப்டம்பர் 15-ம் தேதியும் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் படத்துக்கு மாலை போட்டு, பொறியாளர் தினம் கொண்டாடுகிறோம். மிட்டாயை வாங்கிக்கொண்டு கலைந்துவிடுகிறோம். முதலாண்டில் நானும் அப்படித்தான் ஓடினேன். அந்தப் பெரியவர் யார் என்று என்னைத் தேடிப் படிக்க வைத்தது பாடப்புத்தகம் அல்ல. எங்க வீட்டுக்குள்ள வந்த தண்ணீர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் தூத்துக்குடி, நெல்லை நண்பர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்க ஊர்க் குளம் ராத்திரியோடு ராத்திரியாக உடைந்தது. ஆச்சியைக் கட்டில் மேல் உட்கார வைத்துவிட்டு, அம்மா என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றினாள். பீடி இலைக் கட்டெல்லாம் நனைந்து போனது. எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அந்த ஒரு காகிதத்தைத்தான் அவள் முதலில் காப்பாற்றினாள்.

சரி, பெரியவரிடம் வருவோம்.

மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா 1861-ல் மைசூர் சமஸ்தானத்தில் சிக்கபள்ளாப்பூர் அருகே முத்தேனஹள்ளி கிராமத்தில் பிறந்தார். அப்பா சமஸ்கிருத பண்டிதர். ஆகவே வீட்டில் எழுத்து இருந்தது, அந்த வகையில் அவர் நம்மைப் போல இல்லை. ஆனால் காசு இல்லை. சிறுவனாக இருக்கும்போதே அப்பாவும் போய்விட்டார். பெங்களூரில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்து, அதில் கிடைத்ததை வைத்துப் படித்து 1881-ல் பி.ஏ. முடித்தார். மைசூர் அரசு உதவித்தொகை கொடுக்க, பூனா போய்ப் பொறியியல் படித்து 1883-ல் முதலிடத்தில் தேறினார். அடுத்த வருஷமே பம்பாய் மாகாணப் பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளர் வேலை.

அங்கே அவர் செய்த வேலைகளை எல்லாம் எழுதினால் இந்த மலர் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன், மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கவும். பூனா பக்கத்தில் கடக்வாஸ்லா அணை. மழைக்காலத்தில் தண்ணீர் கலிங்கு மேல் வழிந்து வீணாகப் போகும். அணையை உயர்த்தினால் செலவு, அதோடு பலம் தாங்குமா என்ற பயம். இவர் கலிங்கின் மேல் தானே இயங்கும் கதவுகளை வைத்தார். சாதாரண நாளில் கதவு மூடி நின்று கூடுதல் தண்ணீரைப் பிடிக்கும். வெள்ளம் அளவு தாண்டினால் தானாகத் திறக்கும், வடிந்தால் தானாக மூடும். ஆளும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். இது நடந்தது 1903-ல்!

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1908 செப்டம்பர் 28. ஹைதராபாத் நகரத்துக்கு நடுவே ஓடும் மூசி ஆறு பெருக்கெடுத்தது. மேற்கே ஷம்ஷாபாத்தில் ஒரே நாளில் 12 அங்குலத்துக்கு மேல் மழை. மேல்பகுதியில் இருந்த ஏரிகள் ஒன்று உடைந்து இன்னொன்றை உடைக்க, அத்தனை தண்ணீரும் சேர்ந்து ஊருக்குள் பாய்ந்தது. செத்தவர்கள் பதினைந்தாயிரம் பேர் இருக்கும் என்பார்கள். ஒரு புளியமரத்தில் ஏறித் தொங்கியே சுமார் 150 பேர் பிழைத்திருக்கிறார்கள். அந்த மரம் இருந்த இடம் பிற்பாடு உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் வந்தது. குளம் உடைந்த அந்த ராத்திரியை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

பம்பாய் வேலையை விட்டு வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தவரை நிஜாம் அரசு கூப்பிட்டது. 1909-ல் வந்தார். அவரிடம் கொடுத்த வேலை மூன்று: இடிந்த நகரத்தைத் திரும்பக் கட்ட யோசனை, இனி வெள்ளம் வராமல் காப்பு, நகரம் முழுக்க வடிகால் திட்டம்.

நானாக இருந்தால் ஆற்றங்கரையில் பெரிய சுவர் கட்டச் சொல்லியிருப்பேன். அவர் ஊரை விட்டு மேலே போய்ப் பார்த்தார். எங்கே எவ்வளவு மழை பெய்தது, அது எந்தப் பரப்பிலிருந்து வழிகிறது, எந்தெந்த ஏரி உடைந்தது என்று கணக்கெடுத்தார். பிறகு சொன்ன தீர்வு, ஊருக்கு மேலேயே மூசியிலும் அதன் துணை ஆறான ஈசியிலும் இரண்டு பெரிய நீர்த்தேக்கம். வெள்ளத்தை அங்கே நிறுத்தி, ஆறு தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஊருக்குள் ஆற்றங்கரையை உயர்த்த வேண்டும். வீட்டுக் கழிவுநீர் போகத் தனி வடிகால் வேண்டும். உஸ்மான் சாகர் 1920-லும் ஹிமாயத் சாகர் 1927-லும் கட்டி முடிந்தன. பல வருஷம் அந்த ஊருக்குக் குடிதண்ணீரும் இவைதான் கொடுத்தன.

ஆனாலும் 2020 அக்டோபரில் ஹைதராபாத் மறுபடி மிதந்தது. மழை நகரத்துக்குள்ளேயே கொட்டியது. அது வடிய வேண்டிய ஓடைகளிலும் ஏரிகளிலும் கட்டடங்கள் நின்றன. மேலே இருக்கிற இரண்டு அணை அதற்கு என்ன செய்யும், சொல்லுங்கள்?

எங்க வீட்டுக் கதையும் இதுதான். வெள்ளம் வடிந்ததும் அப்பா (கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர்) வாசல்படியை இரண்டு வரிசை செங்கல் வைத்து உயர்த்தினார். அடுத்த மழையில் தண்ணீர் புறவாசல் வழியாக வந்தது. மீதி பக்கத்து வீட்டுப் பெரியம்மா அடுப்படிக்குப் போய், ஒரு மாசம் பேச்சுவார்த்தை இல்லை. இவர் வரலாற்றைப் படித்த பிறகு, நானும் அப்பாவும் தண்ணீர் டியூபில் மட்டம் பார்த்தோம். புறவாசல் தரையே வீட்டுச் சுவரைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது! தெருவில் போட்ட சிமெண்ட் ரோடோ எங்க பழைய வாசலை விட அரை அடி உயரம். சுவர் ஓரமாக மண் நிரப்பி, 10 அடிக்கு 3 அங்குலம் வாட்டம் வெளியே போகிற மாதிரி தரையைத் திருப்பினோம். கூரைத் தண்ணீரைக் குழாயில் பிடித்து, வீட்டிலிருந்து தள்ளி ஒரு குழியில் விட்டோம். பெரியம்மா வீட்டுக்கும் சேர்த்துத்தான் வாய்க்கால் வெட்டினோம். இப்போது பேசுகிறார்கள்.

விஸ்வேஸ்வரய்யா அதே 1909-ல் மைசூரின் தலைமைப் பொறியாளரானதும், 1912 முதல் 1918 வரை திவானாக இருந்ததும், காவிரியில் கிருஷ்ணராஜ சாகர் எழுந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1943-ல் பெங்களூரில் ஒரு தொழிற்கல்விக் கூடம் தொடங்கப் பாடுபட்டார். அது பின்னாளில் ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக் ஆனது. ஆம், நம்மைப் போன்ற டிப்ளமா மாணவர்களுக்காக! 1955-ல் பாரத ரத்னா. நூறு வயதைத் தொட்டு 1962 ஏப்ரலில் மறைந்தார்.

எங்க வாய்க்கால் போய்ச் சேருகிற ஓடை இன்னும் முள்செடியும் குப்பையுமாக அடைந்துதான் கிடக்கிறது. மனு கொடுத்து ஏழு மாசம் ஆகிறது. ஓடை குளத்து மறுகாலில் தொடங்கி எங்கே மேடு தட்டுகிறது என்று லெவல் எடுத்து, படம் வரைந்து மறுபடி கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஸ்டாஃப் பிடிக்க ஆள் வேண்டும். சிவில் நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மத்தியானச் சோறு எங்க ஆச்சி பொறுப்பு.