உலை நீருக்குக் கணக்குப் போட்ட ராலே பிரபு

வானம் ஏன் நீலம் என்ற பாடம் வரும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் ராலே என்ற பெயரைப் படித்திருப்பார்கள். அடுப்பில் வைத்த தண்ணீர் எப்போது புரளத் தொடங்கும் என்று கணக்குப் போட்டவரும் அவர்தான்.

ஜான் வில்லியம் ஸ்ட்ரட் 1842-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பிரபு குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலிருந்தே உடல்நலக் குறைவு. பள்ளிப் படிப்பு பலமுறை தடைப்பட்டது. இருந்தும் 1865-இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். 1871-இல் திருமணம். மறு ஆண்டே கடுமையான வாதக் காய்ச்சல். உடல் தேற மனைவியுடன் எகிப்து சென்றவர், நைல் நதிப் படகில் இருந்தபடியே ஒலியியல் பற்றிய தம் பெரிய நூலை எழுதத் தொடங்கினார்.

1873-இல் தந்தை மறைய, ராலே பிரபு என்ற பட்டமும் 7,000 ஏக்கர் நிலமும் இவரிடம் வந்தன. மூன்றே ஆண்டுகளில் நில நிர்வாகத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஆய்வுக்குத் திரும்பினார். மேக்ஸ்வெல் மறைந்தபின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பேராசிரியராக இருந்த ஐந்து ஆண்டுகளில், வகுப்புகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். பிறகு டெர்லிங் ஊரில் இருந்த சொந்த வீட்டு ஆய்வுக்கூடமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், வேதிமுறையில் தயாரித்ததைவிடச் சற்றே கனமாக இருப்பதைக் கவனித்து விடாமல் துருவினார். ராம்சேயுடன் சேர்ந்து ஆர்கானைக் கண்டறிந்தார். 1904-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்.

1916-இல் அவருக்கு 73 வயது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரான்சின் ஆன்றி பெனார் என்பவர் 1900-இல் மெல்லிய திரவப் படலத்தைக் கீழிருந்து சூடாக்கி, அதில் தேன்கூடு போன்ற அறுகோணக் கட்டங்கள் தோன்றுவதைக் கண்டிருந்தார். அது ஏன் என்று ராலே யோசித்தார். அடியில் சூடான திரவம் லேசாகி மேலே எழப் பார்க்கிறது. திரவத்தின் பிசுப்பும், வெப்பம் பரவிக் கரைந்துபோவதும் அதைத் தடுக்கின்றன. இந்த இழுபறியை அவர் ஒரே எண்ணில் அடக்கினார். அந்த எண் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் சுழற்சி பிறக்கும். ஆழம் இரட்டிப்பானால் எண் எட்டு மடங்காகும். மேலும் கீழும் தகடு மூடிய பாத்திரத்துக்கு எல்லை சுமார் 1,708 என்று பின்வந்தோர் கணக்கிட்டனர்.

பெனார் கண்ட கட்டங்களுக்கு முக்கியக் காரணம் பரப்பு இழுவிசை என்பது 1950-களில் தெரியவந்தது. ராலேயின் விளக்கம் அந்தச் சோதனைக்குப் பொருந்தவில்லை. ஆனால் மூடிய பாத்திரங்களுக்கு அவர் கணக்கு அப்படியே பொருந்துகிறது. 1980-களில் சிகாகோவில் ஹீலியம் வாயுவைக் கொண்டு அந்த எண்ணைப் பல கோடிக்கு உயர்த்தினார்கள். ஓட்டம் முழுக்கத் தாறுமாறானது. ஆனாலும் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் ஒரே பெருஞ்சுழற்சி நிலைத்து நின்றது. வெப்பநிலையும் ஊஞ்சல்போல ஒரே சீராக ஏறி இறங்கியது. அந்தச் சுழற்சி முறுகுவதும் பக்கவாட்டில் அசைவதுமே இதற்குக் காரணம் என்று பின்னர் வந்த சோதனைகள் காட்டின.

1919 ஜூன் 30 அன்று ராலே காலமானார். அந்த எண்ணுக்கு இன்றும் அவர் பெயர்தான்: ராலே எண்.