ஐடா வெல்ஸ் அம்மையார்

அடிமைத்தனம் சட்டப் புஸ்தகத்தை விட்டு நீங்கியதும் அடிமைப்படுத்தும் மனோபாவமும் நீங்கிவிடும் என்று நம்புவது பேதைமை. அது வேறு வேஷம் தரித்து ரயில் வண்டியிலும் டிராம் வண்டியிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவின் தென் மாகாணங்களில் கறுப்பு மக்கள் கண்ட அநுபவம் இதுவே. அந்த அநீதியை எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஐடா வெல்ஸ் அம்மையார்.

1862-ம் வருஷம் ஜூலை மாதம், மிஸிஸிப்பி மாகாணத்தில் ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில், அடிமைக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை தச்சுத் தொழிலாளி. 1878-ல் பரவிய மஞ்சள் ஜுரத்துக்குத் தாயும் தந்தையும் ஒரு தம்பியும் பலியாயினர். பதினாறே வயதான பெண், ஆசிரியை வேலையை ஏற்று, எஞ்சிய உடன்பிறந்தாரைக் காப்பாற்ற முன்வந்தார். பிறகு டென்னஸி மாகாணத்திலுள்ள மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

1883 செப்டம்பரில் ஒரு நாள், முதல் வகுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு ஸ்திரீகளுக்குரிய வண்டியில் அவர் அமர்ந்திருந்தார். புகைபிடிப்போர் வண்டிக்குப் போகும்படி கண்டக்டர் உத்தரவிட்டார். அம்மையார் மறுத்தார். கையைப் பற்றி இழுத்த கண்டக்டரின் கையை அவர் கடித்துவிட்டார். இறுதியில் மூன்று ஆடவர் சேர்ந்து அவரை இழுத்து அப்புறப்படுத்தினர். வெள்ளைப் பிரயாணிகள் கைகொட்டி மகிழ்ந்தனர். புகை வண்டியில் போவதைவிட இறங்கிவிடுவதே மேலென்று, கிழிந்த உடையுடன் அடுத்த ஸ்டேஷனிலேயே அவர் இறங்கிவிட்டார்.

ரயில்வே கம்பெனி மீது அவர் வழக்குத் தொடுத்தார். 1884-ல் மெம்பிஸ் கோர்ட்டு அவருக்கு 500 டாலர் நஷ்ட ஈடு அளித்தது. ஆனால் 1887-ல் மாகாணத்தின் உச்ச நீதி ஸ்தலம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. கம்பெனிக்குத் தொல்லை கொடுப்பதே அவருடைய நோக்கமென்று நீதிபதிகள் கருதினர். கோர்ட்டுச் செலவையும் அவர் தலையிலேயே சுமத்தினர். நீதியை நாடிச் சென்றவருக்கு அபராதம்! நியாய ஸ்தலத்தின் கதவு மூடப்பட்டபின் எளியவர்களுக்கு என்ன ஆயுதம் உண்டு? பேனாவும் ஐக்கியமும்தான் என்பதை அவர் விரைவிலேயே காட்டினார்.

1889-ல் மெம்பிஸ் பத்திரிகையொன்றில் பங்குதாரராகி, அதன் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். கறுப்புக் குழந்தைகளின் பள்ளிகள் சீர்கெட்டுக் கிடப்பதை எழுதியதற்காக 1891-ல் அவருடைய ஆசிரியை வேலை பறிபோயிற்று. மறு வருஷம் மார்ச்சில் பேரிடி விழுந்தது. மளிகைக் கடை நடத்திவந்த அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் வேறு இருவரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். வெள்ளைக்காரருடைய கடைக்குப் போட்டியாக வியாபாரம் செய்ததே அவர்கள் மீது பகை மூண்டதற்கு மூலகாரணம்.

உயிருக்குப் பாதுகாப்பில்லாத நகரை விட்டு வெளியேறும்படி அம்மையார் தம் மக்களுக்கு எழுதினார். ஆயிரக்கணக்கானோர் மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். எஞ்சியவர்கள் டிராம் வண்டியில் ஏறாமல் நடந்தனர். ஆறு வாரத்தில் கம்பெனி அதிகாரிகள் அவருடைய காரியாலயத்துக்கே வந்து உதவி கோரினர். கறுப்பு மக்கள் மின்சார வண்டியைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று அவர்கள் நினைத்திருந்தார்களாம்! அம்மையார் உண்மைக் காரணத்தை எடுத்துச் சொல்லி அனுப்பினார். அந்தச் சம்பாஷணையையும் பத்திரிகையில் வெளியிட்டு, பகிஷ்காரத்தைத் தளரவிடாமல் நடத்தும்படி ஜனங்களைத் தூண்டினார். நீதிபதிகள் செவிசாய்க்காத குறையை, சில்லறைக் காசு இழந்த கம்பெனி கேட்க வந்தது.

அவ்வருஷம் மே மாதம், அவர் ஊரிலில்லாத சமயம், வெறிகொண்ட கூட்டம் பத்திரிகைக் காரியாலயத்தை அழித்தது. திரும்பினால் கொலை என்ற பயமுறுத்தலும் பிறந்தது. அவர் மௌனமாகவில்லை. நியூயார்க்கிலிருந்து எழுதினார்; 1893-லும் 1894-லும் பிரிட்டனுக்குச் சென்று முறையிட்டார். அந்த 1893-ம் வருஷத்தில்தான் தென்னாப்பிரிக்காவில் மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த காந்தியடிகளும் ரயிலிலிருந்து தள்ளப்பட்டார். இரு கண்டங்களிலும் நோய் ஒன்றே.

1895-ல் விவாகமாகிச் சிகாகோவில் வசித்த அம்மையார், 1913-ல் வாஷிங்டனில் நடந்த பெண் வாக்குரிமை ஊர்வலத்தில் பின்வரிசைக்குப் போக மறுத்து, தம் மாகாணத்தாருடனேயே நடந்தார். 1931 மார்ச்சில் காலமானார்.

அவர் வாழ்ந்த காலத்தில் வண்டிகளில் நிற பேதம் ஒழியவில்லை, வளரவே செய்தது. 1955-ல் மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பு மக்கள் பஸ்ஸில் ஏற மறுத்து 381 நாள் நடந்தே வென்றனர். அறுபது வருஷத்துக்கு மேலாக முன்பே மெம்பிஸில் நடந்து காட்டப்பட்ட வழி அது. விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை. அதனால் விதைப்பு வீணென்று யார் சொல்லத் துணிவர்? பலன் தம் ஆயுளில் கிட்டுமா என்று கணக்குப் பாராமல் உழைப்பவனே தேசத் தொண்டன். ஐடா வெல்ஸ் அம்மையாரின் சரித்திரம் நமக்குப் போதிப்பது அதுவே.