கதவுகள் மூடியபோதும் கலையாத மந்தை



2020ஆம் ஆண்டின் புனித வாரத்தை நீங்கள் எளிதில் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 20ஆம் திகதி ஊரடங்குச் சட்டம் நாடெங்கும் பிறப்பிக்கப்பட்டது. குருத்தோலை ஞாயிறன்று ஓலை ஏந்தி வலம் வர மக்கள் இல்லை. பெரிய வியாழனன்று பாதங்கள் கழுவப்படவில்லை. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஆலயக் கதவுகள் மூடிக் கிடக்க, ஏப்ரல் 12ஆம் திகதி உயிர்ப்புப் பெருவிழா மௌனமாக விடிந்தது. அதற்கு முந்திய ஆண்டின் உயிர்ப்பு ஞாயிறன்றுதான், 2019 ஏப்ரல் 21இல், நமது நகரின் சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்து, சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்திருந்தனர். அந்தக் காயம் ஆறுமுன்னரே பெருந்தொற்று நம்மை வீடுகளுக்குள் அடைத்தது.

அந்நாள்களில் நம்மில் பலர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. ஆலயம் மூடப்பட்டால் திருச்சபை எங்கே இருக்கும்? இக்கேள்விக்குத் தம் வாழ்வால் விடையளித்த ஒருவர் நம் நாட்டு மண்ணிலேயே வாழ்ந்தார். ஜனவரி 16ஆம் திகதி நாம் நினைவுகூரும் புனித யோசேவ் வாஸ் அடிகளாரே அவர்.

1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனாவுலிம் என்னும் ஊரில் அவர் பிறந்தார். 1676இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். சில ஆண்டுகள் கன்னட நாட்டில் மறைப்பணியாற்றியபின், கோவாவில் உருவான ஒரட்டோரியன் குருக்கள் குழுவில் இணைந்தார். இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை அவருடைய உள்ளத்தை வாட்டியது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானபின் கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் முன்னோருக்குத் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகும் தறுவாயில் நோயில் பூசுதலும் இல்லை. நமக்குச் சில மாதங்களே மூடியிருந்த கதவு அவர்களுக்கு ஒரு தலைமுறைக் காலம் மூடியிருந்தது.

1687ஆம் ஆண்டு, ஜோன் என்னும் ஊழியர் ஒருவரின் துணையுடன், தூத்துக்குடியிலிருந்து கூலியாள் கோலத்தில் அவர் கடல் கடந்தார். கரை சேர்ந்ததும் கடும் வயிற்றோட்டம் அவரை வீழ்த்தியது. இறப்பின் விளிம்புவரை சென்று மீண்டார். பின்னர் கழுத்தில் செபமாலை அணிந்துகொண்டு, வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். அவருக்கு வேண்டியிருந்தது அரிசி அன்று. அச்செபமாலையைக் கண்டதும் எவருடைய கண்கள் கலங்குகின்றன என்பதையே அவர் கவனித்தார். மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களை இவ்வாறு ஒவ்வொன்றாகக் கண்டடைந்தார். சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலமாயிற்று. இரவில் ஒரு வீட்டில் திருப்பலி ஒப்புக்கொடுப்பார். விடியுமுன் அடுத்த ஊருக்குச் சென்றுவிடுவார்.

1689ஆம் ஆண்டின் நத்தார் இரவை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் நள்ளிரவுத் திருப்பலிக்காக வீடுகளில் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றி வளைத்தனர். ஏறக்குறைய 300 பேர் பிடிபட்டனர். எண்மர் கடுந்தண்டனைக்கு ஆளாகினர். அவர்களுள் தோன் பேத்ரோ என்பவர் அடிகளைத் தாங்கமாட்டாமல் உயிர் துறந்தார். அடிகளார் மட்டும் அகப்படவில்லை. தம்பொருட்டு மக்கள் துன்புறுவதைக் கண்டு அவர் உள்ளம் எவ்வளவு நொந்திருக்கும்! ஆயினும் அவர் நாட்டைவிட்டு ஓடவில்லை. கண்டி அரசுக்கு உட்பட்டிருந்த புத்தளத்திற்குச் சென்று பணியைத் தொடர்ந்தார். 1692இல் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். காலப்போக்கில் அவருடைய தூய வாழ்வைக் கண்ட மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குச் சுதந்திரம் அளித்தான்.

அன்பானவர்களே, நம் காலத்துக்கு மிக நெருங்கிய பகுதி இனித்தான் வருகிறது. 1697ஆம் ஆண்டு கண்டி நகரில் பெரியம்மை பரவியது. மன்னன் நகரைவிட்டு அகன்றான். செல்வரும் அதிகாரிகளும் அவ்வாறே சென்றனர். நோயுற்றவர்களைச் சொந்த உறவினரே காட்டிலும் வீதியிலும் விட்டுச் சென்றனர். நகரில் நிலைத்து நின்றவர்களுள் யோசேவ் வாஸ் அடிகளாரும், கோவாவிலிருந்து துணைக்கு வந்திருந்த அவருடைய மருமகனான யோசேவ் கர்வாலோ அடிகளாரும் இருந்தனர். கைவிடப்பட்டவர்களுக்கு அவர்கள் குடில்கள் அமைத்தனர். கஞ்சி காய்ச்சி ஊட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரைத் தம் தோள்களில் சுமந்துசென்று அடக்கம் செய்தனர். நோயாளி கத்தோலிக்கரா, பௌத்தரா என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்களுடைய தொண்டு இல்லாதிருந்தால் நகர வீதிகள் பிணங்களால் நிறைந்திருக்கும் என்று மன்னனே ஏற்றுக்கொண்டதாக வரலாறு கூறுகிறது.

இறந்தோரை அடக்கம் செய்தல் இரக்கச் செயல்களுள் ஒன்று என ஞானோபதேசத்தில் நாம் சிறுவயதில் படித்தோம். கொவிட் காலத்தில் அதன் பாரத்தை நம் மாவட்டமே சுமந்தது. நாட்டில் கொவிட் நோயால் இறந்தோரின் உடல்கள் யாவும் எரிக்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீங்கியபின், அவ்வுடல்களைப் புதைக்க அனுமதிக்கப்பட்ட இடம் ஓட்டமாவடிப் பகுதியாகும். 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். பெரும்பாலோர் முஸ்லிம் சகோதரர். கிறிஸ்தவரும் பௌத்தரும் இந்துக்களும் அவர்களோடு இருக்கின்றனர். தூர ஊர்களிலிருந்து வந்த அந்த உடல்களுக்கு நம் மாவட்டத்தின் மண் இடம் கொடுத்தது. கண்டி வீதிகளில் அடிகளார் செய்த இரக்கச் செயலை இதனோடு சேர்த்து நாம் தியானிப்பது தகும்.

அடிகளாரின் பயணங்கள் மலைநாட்டோடு நின்றுவிடவில்லை. கீழ்க்கரையில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் அவருடைய மறைப்பணி எட்டியது. புளியந்தீவில் வாவியோரம் இன்றும் நிற்கின்ற கோட்டை போர்த்துக்கேயரால் 1628இல் கட்டப்பட்டு, 1638இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியதாகும். அந்த அதிகாரத்தின் கண்ணுக்கு மறைவாகவே அக்காலத்துக் குருக்கள் நம் முன்னோரைத் தேடி வந்தனர்.

ஆயினும் விரல்விட்டு எண்ணத்தக்க குருக்கள் முழு இலங்கைக்கும் எவ்வாறு போதுமாயினர்? ஓர் ஊருக்குக் குருவானவர் ஒருமுறை வந்து சென்றால், மறுமுறை வருவதற்கு மாதங்கள் பல கடந்துவிடும். ஊருக்கு ஊர் மூப்பரும் அண்ணாவியாரும் நியமிக்கப்பட்டதே இதற்கு விடையாகும். மட்டக்களப்பில் அண்ணாவியார் என்றதும் கூத்துப் பழக்குபவரே நம் நினைவுக்கு வருவார். அன்றைய கத்தோலிக்க சமூகத்திலோ, ஞாயிறு தோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுப்பவரும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பவரும், அவசர வேளையில் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பவரும் அண்ணாவியாரே. எந்த வீட்டில் நோயாளி கிடக்கிறார், எக்குடும்பம் பகையால் பிரிந்து நிற்கிறது என்பதை அறிந்துவைத்து, குரு வரும்போது அவருக்கு எடுத்துரைப்பதும் இவர்களுடைய கடமையாகும். குரு இல்லாத ஊரில் பெருநாள்களை நினைவூட்டி மக்களை ஒருங்கே வைத்திருந்தவர்கள் இந்தப் பொதுநிலையினரே.

1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல எழுதி, இல்லங்களில் நடந்த அச்செப வாழ்வுக்கு வளம் சேர்த்தார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி, ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்தபின், யோசேவ் வாஸ் அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய கல்லறை இருக்கும் இடம் இன்று எவருக்கும் தெரியாது. அவர் கட்டியெழுப்பிய சமூகமோ இன்றும் நிலைத்திருக்கிறது. 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் உயர்த்தினர். இரு நிகழ்வுகளும் கொழும்பு காலிமுகத்திடலில் நடைபெற்றன.

அன்புக்குரியவர்களே, நோய்க்காலத்தில் ஒருவரையொருவர் அணுகாதிருப்பதே அன்பின் கடமையாயிருந்தது. அடிகளார் செய்ததை அப்படியே நாம் அன்று செய்திருக்க முடியாது. தொலைக்காட்சியில் திருப்பலி கண்டு, முன்னறையில் மெழுகுதிரி ஏற்றி, தந்தை வாசகம் வாசிக்கத் தாய் செபமாலை தொடங்கிய இல்லங்கள் பல. அந்நாள்களில் அக்குடும்பத் தலைவர்களே தம் வீட்டுக்கு அண்ணாவியாராயினர். இன்று ஆலயக் கதவுகள் திறந்திருக்கின்றன. ஆனால் அந்த வீட்டுச் செபம் எத்தனை இல்லங்களில் எஞ்சியிருக்கிறது? பெருந்தொற்றோடு ஆலயம் வருவதை நிறுத்தியவர்கள் சிலரும் நம்மிடையே உண்டு. அவர்களைத் தேடிச் சென்றவர் யார்? பெருநாள் திருப்பலியில் நம் அருகே வெறுமையாயிருக்கும் இருக்கை எவருடையது என்று நாம் எண்ணிப் பார்க்கிறோமா? அவர் வராததைக் குறை கூறுவது எளிது. அவருடைய படலைவரை நடந்து சென்று நலம் கேட்பதே யோசேவ் வாஸ் அடிகளார் காட்டிய வழியாகும்.

ஆகவே இவ்வாரம் இரண்டு செயல்களை மேற்கொள்வோம். மாலையில் கால்மணி நேரமாவது குடும்பமாக அமர்ந்து செபிப்போம். நெடுநாளாக ஆலயத்தில் காணப்படாத ஒருவரின் வீட்டுக்கு, கண்டிக்கவோ அறிவுரை கூறவோ அல்ல, கண்டு பேசுவதற்காகச் செல்வோம். கையில் ஒரு பொதிப் பலகாரம் இருந்தால் இன்னும் நன்று.

புனித யோசேவ் வாஸ் அடிகளாரே, மூடிய கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களைத் தேடி நடந்தவரே, வாவியின் இரு கரைகளிலும் வாழும் எங்கள் குடும்பங்களுக்காக மன்றாடும். நோயிலும் நலத்திலும், ஆலயத்திலும் இல்லத்திலும், ஒரே மந்தையாய் நாங்கள் நிலைத்திருக்க இறைவனிடம் எமக்கு வரம் பெற்றுத் தாரும். ஆமென்.