நம்ம ஊர் டாக்டரம்மா சௌந்தரம்

இந்த மாதச் சுவர் இதழுக்கு நம்ம மாவட்டத்துப் பெரியவர் ஒருத்தரைப் பற்றி எழுதச் சொன்னாங்க தமிழம்மா. நான் எடுத்துக்கிட்டது டாக்டர் டி.எஸ்.சௌந்தரம் அம்மையார். அவங்க திண்டுக்கல்லில் பிறந்தவங்க இல்லை. ஆனால் திண்டுக்கல்லில் இருந்து மதுரை ரோட்டில் பஸ்ஸில் போனால் சின்னாளப்பட்டி பக்கம் காந்திகிராமம் வருமே, அதை உண்டாக்கினது அவங்களும் அவங்க கணவர் ஜி.ராமச்சந்திரனும்தான். அந்த ஸ்டாப்பில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போற எத்தனையோ பேருக்கு இந்தப் பேர் தெரியாது.

சௌந்தரம் 1904-ஆம் ஆண்டு பிறந்தார். அப்பா டி.வி.சுந்தரம் அய்யங்கார், அம்மா லட்சுமி அம்மாள். டி.வி.எஸ். என்று பஸ்ஸிலும் மொபெட்டிலும் நாம பார்த்த மூணு எழுத்து இருக்கே, அது அவங்க அப்பா பேர்தான். 1911-ல் மதுரையில் தொடங்கின கம்பெனி. அப்போ எல்லாம் பஸ் என்றாலே ஜனங்களுக்கு அதிசயம். அந்த வீட்டில் அஞ்சு ஆண் பிள்ளைகள், மூணு பெண் பிள்ளைகள். பணத்துக்குக் குறைவே இல்லை.

பணம் இருந்தாலும் அந்தக் காலத்து வழக்கம் விடவில்லை. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசிலேயே சௌந்தரத்துக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை டாக்டர் சௌந்தரராஜன். ரெண்டு பேர் பேரும் ஒரே மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த வாழ்க்கை நீடிக்கவில்லை. அவர் சின்ன வயசிலேயே இறந்துவிட்டார். சௌந்தரம் இளம் விதவை ஆகிவிட்டார்.

விதவை என்றால் அப்போ என்ன அர்த்தம் என்று அம்மாச்சியிடம் கேட்டேன். அம்மாச்சி தன் ஊரில் பார்த்ததைச் சொன்னாங்க. பூ கிடையாது, பொட்டு கிடையாது, கல்யாணம் காட்சிக்கு முன்னால் வந்து நிற்கக் கூடாது. பிராமண வீடுகளில் தலையை மழித்து, காவியோ வெள்ளையோ கட்டவிட்டு, அடுப்படியோடு நிறுத்திவிடுவார்கள் என்று புத்தகத்தில் படித்தேன். மறுமணம் செய்யலாம் என்று வெள்ளைக்காரன் 1856-லேயே சட்டம் போட்டுவிட்டான். சட்டம் புத்தகத்தில் இருந்தது, வீட்டுக்குள் வரவில்லை. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி என்பவர், அவரும் சின்ன வயசு விதவைதான், ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்தி டீச்சர் வேலைக்குப் படிக்க வைத்தார். அந்த மாதிரி ஒன்றிரண்டு கதவுகள்தான் திறந்திருந்தன.

சௌந்தரத்தின் அப்பா அம்மா மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. திரும்பவும் படிக்க வைத்தார்கள். இந்த இடத்தை நம்ம பாடப் புத்தகம் மாதிரி ஒரே வரியில் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. ஏன்னா டாக்டருக்குப் படிக்கணும் என்றால் நேரா காலேஜுக்குப் போக முடியாது. விட்ட பள்ளிப் படிப்பை முடிக்கணும். அப்புறம் இன்டர்மீடியட். அதுக்கு அப்புறம்தான் மருத்துவக் கல்லூரி. கல்யாணம் ஆகி, புருஷனையும் பறிகொடுத்துவிட்டு, நம்மள மாதிரி பிள்ளைகள் படிக்கிற கணக்கையும் இங்கிலீஷையும் எடுத்து உட்கார்ந்து படிக்கிறது எப்படி இருந்திருக்கும்?

அவர் சேர்ந்தது டெல்லி லேடி ஹார்டிங்கே மருத்துவக் கல்லூரி. 1916-ல் பெண்களுக்கு என்றே தொடங்கின காலேஜ் அது. மதுரை எங்கே, டெல்லி எங்கே! பாஷை வேற, சாப்பாடு வேற, குளிர் வேற. அங்கே அவருக்குத் தோழியாகக் கிடைத்தவர் சுசீலா நய்யார். அவர் பிறந்தது 1914. அதாவது சௌந்தரத்தைவிட பத்து வயசு சின்னவர்! ஒன்பதாம் வகுப்பு பிள்ளை ஒன்று, நாலு வயசுக் குழந்தையோட ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி. ஆனால் ரெண்டு பேரும் நல்ல சிநேகிதம். சுசீலா நய்யார் மூலமாகத்தான் சௌந்தரத்துக்கு காந்தியின் அறிமுகம் கிடைத்தது. சுசீலா பின்னால் இந்தியாவின் சுகாதார அமைச்சராகவே ஆனார்.

1936-ல் சௌந்தரம் டாக்டர் பட்டம் வாங்கினார். 1936-ல் இருந்து 1904-ஐக் கழித்துப் பாருங்க, 32.

இந்த 32 என்கிற எண்ணை நான் ஏன் பெரிசாகச் சொல்றேன் என்றால், எங்க சித்திக்கு 33 வயசு. பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டு, கல்யாணம் ஆகி, ரெண்டு பிள்ளைங்க. வேடசந்தூர் ரோட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு ஷிப்ட் வேலைக்குப் போறாங்க. இப்போ நர்ஸிங் படிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாங்க. துணை செவிலியர் படிப்பு ரெண்டு வருஷம், நர்ஸிங் டிப்ளமோ மூணு வருஷம். இத்தனை வயசுக்குள்ளதான் சேரணும் என்று வரம்பு வேற இருக்கு. சித்திக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. வீட்டுக்கு வர்ற ஆளுங்க எல்லாம் இந்த வயசுல புத்தகப் பையைத் தூக்கப் போறியா என்று சிரிக்கிறாங்க. சித்தி ஒன்றும் பதில் சொல்ல மாட்டாங்க. இந்தக் கட்டுரைக்குக் குறிப்பு எடுத்தப்போ சித்தியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன்.

சித்தி கேட்ட முதல் கேள்வி, அந்தம்மா டெல்லியில் படிச்சப்போ வீட்டுச் செலவை யார் பார்த்தது என்றுதான். சரியான கேள்வி. சௌந்தரத்துக்கு அப்பா பஸ் கம்பெனி முதலாளி. சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சித்தி மில்லுக்குப் போகலைன்னா மாசம் குழு லோன் கட்ட முடியாது. அதனால் சௌந்தரம் அம்மையார் செய்தாங்க, நீயும் செய் என்று சித்திகிட்ட நான் சொல்லவில்லை. ரெண்டும் ஒண்ணு இல்லை. வயசு ஆயிடுச்சு என்று சிரிக்கிறவங்களுக்கு மட்டும்தான் இந்த 32 பதில். பணத்துக்கு அது பதில் இல்லை.

வெளிநாட்டில் பாருங்க, விளக்கேந்திய சீமாட்டி என்று நாம படிக்கிற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820-ல் பிறந்தவர். பெரிய பணக்கார வீடு. நர்ஸ் வேலையா, சீ என்று வீட்டில் விடவே இல்லை. அவர் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊருக்குப் போய் பயிற்சி எடுத்தது 1851-ல். அப்போ அவருக்கும் 31 வயசு. நர்ஸ் என்றால் முதலில் இருந்தே நர்ஸாகப் பிறந்த மாதிரி நாம நினைச்சுக்கிறோம்.

சரி, கதைக்கு வருவோம். டெல்லியில்தான் சௌந்தரம் ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். கேரளத்துக்காரர், சாந்திநிகேதனில் படித்தவர், காந்தியின் சீடர், ஹரிஜன சேவையில் இருந்தவர். ரெண்டு பேரும் கல்யாணம் செய்ய முடிவு பண்ணினார்கள். விதவை மறுமணம், அதோட வேறு சாதி, வேறு மொழி. படிக்க வைத்த அதே அப்பா அம்மா இதுக்கு ஒத்துக்கவில்லை. காந்தி என்ன செய்தார் தெரியுமா? ஒரு வருஷம் ரெண்டு பேரும் பார்க்கவும் கூடாது, கடிதம் எழுதவும் கூடாது, அதுக்கப்புறமும் மனசு மாறலைன்னா செய்துக்கலாம் என்று நிபந்தனை போட்டார். எனக்கு இது ரொம்பக் கொடுமையாகத்தான் தெரியுது. ஆனால் அவர்கள் அப்படியே இருந்தார்கள். மனசு மாறவில்லை. 1940-ல் காந்தி முன்னிலையில் கல்யாணம் நடந்தது. அப்போ சௌந்தரத்துக்கு 36 வயசு.

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்திலும் கலந்துகொண்டார்கள். 1944-ல் கஸ்தூரிபா காந்தி சிறைவாசத்திலேயே இறந்துபோனார். அவர் நினைவாக நாடு முழுக்க நிதி திரட்டி ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேலை செய்யணும் என்பதுதான் அதன் நோக்கம். தென்னாட்டில் அந்த வேலையைப் பார்க்கும் பொறுப்பை காந்தி சௌந்தரத்திடம் கொடுத்தார்.

பட்டணத்தில் கிளினிக் வைத்திருந்தால் நல்லாச் சம்பாதித்திருக்கலாம். அவங்க வந்தது சிறுமலை அடிவாரத்துக்கு. 1947-ல், சுதந்திரம் வந்த அதே வருஷம், அம்பாத்துரை ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் பொட்டலில் காந்திகிராமம் தொடங்கியது. சின்னாளப்பட்டியில் ரெண்டே ரெண்டு படுக்கையோடு ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதுதான் பின்னால் கஸ்தூரிபா மருத்துவமனை ஆனது. அப்போ டாக்டரம்மாவுக்கு 43 வயசு.

அந்தக் காலத்தில் கிராமத்தில் பிரசவம் எல்லாம் வீட்டில்தான். மருத்துவச்சிப் பாட்டி வந்து பார்ப்பார். அவங்களைக் குறை சொல்ல முடியாது, அனுபவம் நிறைய. ஆனால் கையை சோப்புப் போட்டுக் கழுவணும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. கிடைத்த கத்தியிலோ அருவாளிலோ தொப்புள்கொடியை அறுப்பார்கள். துருவிலும் மண்ணிலும் இருக்கிற கிருமி உள்ளே போய் ஏழெட்டு நாளில் குழந்தைக்கு ரணஜன்னி வந்துவிடும். தாய்க்கு ரத்தப்போக்கு, பிரசவ ஜன்னி. எங்க அம்மாச்சிக்கு முன்னாடி பிறந்த ரெண்டு குழந்தைகள் அப்படித்தான் போச்சு என்று சொல்வாங்க. கத்தியையும் நூலையும் தண்ணியில் கொதிக்க வைத்தாலே பாதி ஆபத்து போய்விடும். அதைச் சொல்லித் தரத்தான் ஆள் வேணும். ஒரு டாக்டர் எத்தனை ஊருக்குப் போவார்? அதனால்தான் நர்ஸுகளும் சுகாதாரப் பணியாளர்களும் ஊருக்கு ஊர் வேணும் என்று ஆனது.

காந்திகிராமத்தில் ஆஸ்பத்திரி மட்டும் இல்லை. கஸ்தூரிபா சேவிகாசிரமம் என்று ஒன்று. கணவனை இழந்தவங்க, ஆதரவு இல்லாத பெண்கள் அங்கே தங்கி, படித்து, தொழில் கற்றுக்கலாம். குழந்தைகளுக்கு இல்லம், பள்ளிக்கூடம், கதர், நெசவு எல்லாம் வந்தது. 1959-ல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு சுகாதார முன்னோடித் திட்டம் ஆரம்பித்தார்கள். ஊர் ஊராகப் போய் குடும்பக் கட்டுப்பாடு, தாய் சேய் நலம் பற்றிப் பேசும் வேலை. அதில் இருந்து வளர்ந்ததுதான் காந்திகிராம கிராமிய சுகாதார, குடும்ப நல நிறுவனம். நம்ம ஊருக்கு ஊசி போட வர்றாங்களே நர்ஸம்மா, அவங்களை மாதிரி ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம். 1956-ல் தொடங்கின கிராமியக் கல்லூரி 1976-ல் பல்கலைக்கழகமாக ஆகிவிட்டது.

சித்தி மாதிரி வயசு வந்தபிறகு படிக்க வர்றவங்களைப் பற்றி அப்போ வேறு சிலரும் யோசித்திருக்கிறார்கள். துர்காபாய் தேஷ்முக் என்பவர் மத்திய சமூக நல வாரியத்தின் தலைவராக இருந்தவர். பாதியில் படிப்பை விட்ட பெண்களுக்காக 1958-ல் சுருக்கப் படிப்பு என்று ஒரு திட்டம் வந்தது. பல வருஷப் பாடத்தை ரெண்டு மூணு வருஷத்தில் முடித்து, நர்ஸ், டீச்சர் பயிற்சிக்குப் போகலாம். துர்காபாய்க்கும் எட்டு வயசிலேயே கல்யாணம் செய்து வைத்திருந்தார்கள். பட்டவங்களுக்குத்தான் வலி தெரியும் போல. இதைக் கேட்டதும் சித்தி, இப்போ அந்த மாதிரி உதவிப் பணம் யாராவது தர்றாங்களா என்று விசாரிக்கச் சொல்லியிருக்காங்க. அறிவியல் டீச்சரிடம் கேட்டிருக்கிறேன்.

டாக்டரம்மா அரசியலுக்கும் வந்தார். 1952-ல் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர், ரெண்டு தடவை காங்கிரஸ் எம்.எல்.ஏ. 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆகி, மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் ஆனார். அதே வருஷம் பத்மபூஷண் விருது. 1967 தேர்தலில் தோற்றுப் போனார். தமிழ்நாட்டில் ஆட்சியே மாறின வருஷம் அது. அரசியல் எனக்கு அவ்வளவாகப் புரியாது, அதனால் இதோட விடுகிறேன்.

டாக்டர் சௌந்தரம் 1984 அக்டோபர் 21-ஆம் தேதி காலமானார். 80 வயசு. 2005-ல் அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டார்கள். கணவர் ராமச்சந்திரன் 1995 வரை இருந்தார்.

கஸ்தூரிபா மருத்துவமனைக்கு ரெண்டு தடவை போயிருக்கிறேன். எங்க சித்தியின் ரெண்டாவது பொண்ணு பிறந்தது அங்கேதான். பிரசவம் பார்த்த நர்ஸ் அக்கா குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி முதலில் என் கையில்தான் கொடுத்தாங்க. சித்தி அன்னைக்குக் குழந்தையைவிட அந்த அக்காவைத்தான் அதிகம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

— 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி